ஒரு பக்கம் மட்டும் பாடுகிறது

மார்ச் 4

அன்புள்ள வாலுவுக்கு,

மாமா எழுதுகிறேன். நீ அனுப்பிய பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. தபால்காரர் பணிமனைக்கே கொண்டுவந்துவிட்டார். நான் அப்போது ஒரு பேருந்துக்கு அடியில் மல்லாந்து படுத்து அதன் வயிற்றைத் தட்டிக்கொண்டிருந்தேன். "மேஸ்திரி, கையெழுத்து!" என்று அவர் போட்ட சத்தத்தில் பணிமனையே கூடிவிட்டது. டயர் பார்க்கும் ஒல்லி, வெல்டர், எலக்ட்ரீஷியன், எல்லோரும் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு வந்தார்கள்.

"என்ன மேஸ்திரி, வைரமா?" என்றான் ஒல்லி.

"அதுக்கும் மேல. எங்க அக்கா பொண்ணு பாட்டுப்பெட்டி அனுப்பியிருக்கா" என்றேன்.

பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் ஒரு பெட்டி. கடைசியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சாமான். ஒல்லி அட்டையைத் தலைகீழாக உதறிப் பார்த்துவிட்டு, "பாட்டு தனி பார்சல்ல வருதா?" என்றான். சிரித்தார்கள். சிரிக்கட்டும். பணிமனை ரேடியோ புகைந்து போனதிலிருந்து பாட்டில்லாமல் வேலை செய்கிறேன் என்று போன கடிதத்தில் ஒரு வரிதான் எழுதினேன், நீ அதை மனதில் வைத்திருந்தாயே, அந்த மாதிரி மருமகள் இவர்களில் யாருக்கு இருக்கிறாள்?

சாமானோடு ஒரு புத்தகமும் இருந்தது. பதினோரு மொழியில் விளக்கம். நான் படிக்கவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்புக்கும் எனக்கும் இருந்த பேச்சு நின்றது உனக்குத் தெரியும், அதற்குப் பிறகு எந்த எஞ்சினையும் புத்தகம் பார்த்துக் கழற்றியவன் இல்லை நான். நடுப் பொத்தானை அமுக்கினேன். ஓரப் பொத்தானை அமுக்கினேன். அசையவில்லை. கடைசியில் என் வழக்கமான சோதனையைச் செய்தேன். நீளத் திருப்புளியின் நுனியை அதன் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். இப்படிக் கேட்டுத்தான் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று முப்பது வருஷமாகச் சொல்கிறேன். ஒரு தடவை ரோட்டில் போன பேருந்தின் நோயை டீக்கடையில் உட்கார்ந்தபடியே சொல்ல, டிரைவர் இறங்கி வந்து என் காலில் விழுந்தான். உன் பெட்டிக்குள் மூச்சே இல்லை. வரும் வழியிலேயே செத்துப்போயிருக்கிறது. மனதைத் தளரவிடாதே.

போனிலேயே சொல்லியிருப்பேன். உங்கள் ஊர் லைன்தான் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது, நீ பேசுவது ஒன்றும் விளங்குவதில்லை. கடிதம்தான் நமக்கு ராசி.

அத்தை நலம். வயசாக ஆக ரொம்ப அமைதியான பெண்மணி ஆகிவிட்டாள். சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுகிறாள், ஒரு வார்த்தை பேசுவதில்லை. எல்லாம் நான் பழக்கிய பழக்கம்.

உன் தாய்மாமன்,
தலைமை மெக்கானிக் (கம்பெனி இன்னும் எழுத்தில் தரவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்)


மார்ச் 12

மாமா,

அது சாகவில்லை. பசியோடு இருக்கிறது, அவ்வளவுதான். கடையிலிருந்து வரும்போது உள்ளே சார்ஜ் இருக்காது. பெட்டியில் ஒரு குட்டை ஒயர் இருக்கும். ஒரு முனையைப் பிளேயரில் செருகி, மறுமுனையை ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருகுங்கள். சிவப்பு விளக்கு எரியும். அது பச்சையாக மாறும் வரை தொடாதீர்கள். திருப்புளியும் வைக்காதீர்கள்.

பிறகு தலைப்பக்கம் ஒரு சின்னத் தாழ்ப்பாள் மாதிரி இருக்கும். அது பூட்டு. பையில் கிடக்கும்போது தானாகப் பாடாமல் இருக்க வைத்தது. அதை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டு, நடுப் பொத்தானை விடாமல் அமுக்கிப் பிடித்தால் திரை எரியும். காதில் வைக்கும் குமிழ்களில் பொடி எழுத்தில் எல், ஆர் என்று இருக்கும். எல் இடது காதுக்கு, ஆர் வலதுக்கு. பாட்டெல்லாம் நானே ஏற்றிவிட்டேன். முதலில் வருவது உங்கள் ரயில் டூயட். அவர் ஒரு வரி, அவள் ஒரு வரி என்று மாறி மாறிப் பாடுவார்களே, அக்காவும் தம்பியுமாக நீங்கள் இருவரும் சமையலறையில் ஆளுக்கொரு குரலாகப் பாடியதாக அம்மா சொல்வாளே, அதுதான்.

இங்கே நான் கடையில் திரும்பி வந்த பொருட்கள் பிரிவில் இருக்கிறேன், தெரியுமல்லவா? "உடைந்துவிட்டது, பணத்தைக் கொடு" என்று வருகிறவர்களின் சாமானை வாங்கி, நீள மேஜையில் வைத்துச் சோதிப்பதுதான் என் வேலை. முக்கால்வாசி நல்ல சாமான்தான். பூட்டைத் திறக்காதது, சார்ஜ் போடாதது. எனவே நீங்கள் வெட்கப்பட வேண்டாம்.

லைன் நன்றாகத்தான் இருக்கிறது மாமா. அம்மா தினமும் பேசுகிறாள்.

வாலு


மார்ச் 21

அருமை மருமகளுக்கு,

பாடுகிறது! ஆபீஸ் கிளார்க் கம்ப்யூட்டரைத் தர மறுத்தான். "இதுல சம்பள விவரமெல்லாம் இருக்கு மேஸ்திரி" என்றான். "என் மருமக அனுப்பின சாமான் உன் கம்ப்யூட்டரைத் தொட்டா அதுக்கு ஆயுசு கூடும்" என்றேன். எழுந்து இடம் விட்டான். விளக்கு பச்சையானதும் பூட்டைத் திறந்தேன். பூட்டு இருப்பது எனக்கு முதலிலேயே சந்தேகம்தான், உன் வாயால் வரட்டும் என்று விட்டுவைத்தேன்.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலை செய்கிறேன். கம்பெனி முதலாளி பார்த்துவிட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். முதலாளி என்றால் முதலாளியின் டிரைவர், இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. உன்னை ஏமாற்றிவிட்டார்கள். பாட்டில் ஓட்டை இருக்கிறது. ரயில் டூயட்டில் அவர் ஒரு வரி பாடுகிறார். அடுத்த வரிக்கு ஆளைக் காணோம். ரயில் சத்தமும் மத்தளமும் எங்கோ தொலைவில் கேட்கிறது, அவள் வாயே திறப்பதில்லை. அவர் மறுபடி பாடுகிறார், பதில் வந்துவிட்ட மாதிரி சந்தோஷப்பட்டு மேலே போகிறார். பாவம், பைத்தியக்காரன் தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி இருக்கிறது. காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டேன். வலது குமிழ் கணீரென்று பாடுகிறது, இடது குமிழ் ஊமை. பாதி விலைக்குப் பாதிப் பாட்டு என்று தள்ளிவிட்டிருக்கிறார்கள். உன் கடைக்காரனிடம் மாமா பெயரைச் சொல்லிச் சண்டை போடு.

அத்தை என்மேல் ஏதோ கோபமாக இருக்கிறாள். ஏன் என்று கேட்டால், "நாலு தடவை சொல்லியாச்சு, அஞ்சாவது தடவை சொல்ல எனக்குத் தெம்பில்ல" என்கிறாள். முதல் நாலு தடவை எப்போது சொன்னாள் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
மாமா


மார்ச் 29

மாமா,

ஒரு பக்கம் பாடவில்லை என்று யாராவது வந்தால் எங்கள் மேஜையில் முதலில் இதைத்தான் செய்வோம். குமிழ்களை மாற்றி மாட்டிப் பாருங்கள். ஆர் இடது காதில், எல் வலது காதில். குமிழில் கோளாறு என்றால், எந்தக் காதில் வைத்தாலும் அந்தக் குமிழ் ஊமையாகத்தான் இருக்கும். அதே டூயட்டைக் கேட்டுவிட்டு என்ன கேட்டது என்று அப்படியே எழுதுங்கள், அலங்காரம் இல்லாமல். வேறு யார் காதிலாவது வைத்தும் பாருங்கள்.

பொறுமையாகச் செய்யுங்கள் மாமா. எனக்காக.

வாலு


ஏப்ரல் 7

விஞ்ஞானி மாமா எழுதுவது,

உட்கார்ந்து படி. நான் கண்டுபிடித்ததைச் சொன்னால் உங்கள் கடையே ஆடிப்போய்விடும்.

நீ சொன்னபடி குமிழ்களை மாற்றினேன். ஊமையாக இருந்ததே எல், அது வலது காதுக்குப் போனதும் வாயைத் திறந்து பாடுகிறது! நன்றாக இருந்த ஆர் இப்போது ஊமை! கோளாறு ஒரு ஒயரிலிருந்து இன்னொரு ஒயருக்குத் தாவிவிட்டது. இதைவிட வேடிக்கை, இத்தனை நாள் வாயைத் திறக்காத அவள் இப்போது பிரமாதமாகப் பாடுகிறாள், அவரைக் காணோம். ரயிலைத் தவறவிட்டுவிட்டார் போல.

விடுவேனா? மறுபடி மாற்றினேன், கோளாறும் மறுபடி தாவியது. அது எப்போதும் என் இடது பக்கம் வந்துதான் உட்காருகிறது. எலக்ட்ரீஷியன் காதில் மாட்டினேன். கண்ணை மூடித் தலையை ஆட்டி முழுப்பாட்டையும் கேட்டான். "ரெண்டு பக்கமும் நல்லாத்தானே இருக்கு மேஸ்திரி?" என்றான். ஒல்லியும் அதையே சொன்னான். வெல்டரும் அதையே. அப்போதுதான் எனக்கு விளங்கியது. விருந்தாளி வந்தால் குழந்தை சமர்த்தாக உட்கார்ந்து, அவர்கள் போனதும் ஆட்டம் போடுமே, அந்த ஜாதி. வீட்டு ஆளிடம்தான் தன் குணத்தைக் காட்டுகிறது.

என் கருத்து, மின்சாரம் உள்ளே சாய்வாக ஓடுகிறது. நான் கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து நடப்பவன், ஸ்பேனர் பிடித்த கை. தண்ணீர் சரிவைப் பார்த்து ஓடுவது மாதிரி எல்லாம் வலது பக்கம் ஓடிவிடுகிறது. இதை எலக்ட்ரீஷியனிடம் சொன்னேன். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தான். பொறாமை.

சாமானைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன் நீள மேஜையில் வைத்துப் பார்.

மாமா


ஏப்ரல் 18

அன்புள்ள மாமா,

பார்சல் வந்தது. மேஜையில் வைத்து இரண்டு நாள் பார்த்தேன். என் காதில், பக்கத்து மேஜைக்காரி காதில், எதைக் கொடுத்தாலும் குறை சொல்கிற எங்கள் சிடுமூஞ்சி சூப்பர்வைசர் காதில். அவரே குறை சொல்லவில்லை. சாமானில் ஒன்றும் இல்லை மாமா.

அந்த டூயட்டை அப்படித்தான் பதிந்திருக்கிறார்கள். அவர் குரல் வலது பக்கம், அவள் குரல் இடது பக்கம், ரயில் சத்தம் நடுவில். அதனால்தான் நீங்கள் குமிழை மாற்றியதும் அவர் போய் அவள் வந்தாள். எதை இடது காதில் வைத்தாலும் உங்களுக்குக் கேட்கவில்லை. தாவியது கோளாறு இல்லை.

எழுதிக் கிழித்து மறுபடி எழுதுகிறேன். கோளாறு உங்கள் இடது காதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். போனை எந்தக் கையில் பிடிக்கிறீர்கள்? வலது கையில் எப்போதும் ஏதாவது சாமான் இருக்கும், அதனால் இடது கையில்தானே? பஞ்சு அடைத்தது லைனில் இல்லை. அத்தை சாப்பிடும்போது எந்தப் பக்கம் உட்காருகிறாள்?

தயவுசெய்து ஒரு காது டாக்டரைப் பாருங்கள். வெறும் அழுக்காகக்கூட இருக்கலாம்.

உங்கள் வாலு


ஏப்ரல் 25

திரும்பி வந்த பொருட்கள் பிரிவு அதிகாரி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கே காது குத்தப் பார்க்கிறீர்கள். எந்தக் காதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று தெரிந்துதான் எழுதினீர்களா? நாற்பது பேருந்து ஒன்றாக உறுமும்போது அதில் எந்த ஒன்றுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லும் காது இது. இந்தக் காதை வைத்துத்தான் நான் சோறு சாப்பிடுகிறேன். காது கேட்காத மெக்கானிக்கை எந்தப் பணிமனையும் வாசல் கேட்டுக்குள் விடாது. நீங்கள் எழுதியதை இங்கே ஒருவன் படித்திருந்தால் என் கதி என்ன?

விற்றவன் தப்பை வாங்கியவன் தலையில் கட்டுவது கடைக்காரர் வழக்கம். அதைச் சொந்த மாமனிடமே காட்டுவீர்கள் என்று நினைக்கவில்லை.

பாட்டுப்பெட்டி எனக்கு வேண்டாம். நானே பாடிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்


மே 3

மாமா,

திட்டுங்கள். ஆனால் இதைப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உங்கள் வேலைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று எனக்கு மட்டும் ஆசை இல்லையா? சின்ன வயதில் ஒரு தடவை உங்கள் பணிமனைக்கு அம்மா கூட்டி வந்தாள். பின்பக்கமாகவே பேருந்துகள் வந்துகொண்டிருந்த அந்த யார்டு இன்னும் கண்ணில் இருக்கிறது. டிரைவருக்குப் பின்னால் தெரியாது, ஹெல்பர் பையன்கள் கத்துவதை நம்பித்தான் வண்டியை எடுக்கிறார்கள். நீங்களும் அந்தக் கத்தலை நம்பித்தான் நடுவில் நடக்கிறீர்கள். என் பயம் பாட்டைப் பற்றியது இல்லை மாமா.

ஒரே ஒரு சோதனை. வலது காதை விரலால் அடைத்துக்கொண்டு, அத்தையை இடது பக்கம் நின்று பேசச் சொல்லுங்கள். எனக்குப் பதில் எழுத வேண்டாம். உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டால் போதும்.

வாலு


மே 27

மாமா,

பதில் இல்லை. எழுத வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், இருந்தாலும் தபால் பெட்டியைத் தினமும் பார்க்கிறேன்.

பிளேயர் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. திரும்பி வந்த பொருள் என்று அதை நான் பதிவு செய்யவில்லை.


ஜூன் 10

வாலு,

நலம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கை, கால், தலை எல்லாம் போட்ட இடத்தில் இருக்கின்றன. சட்டையில் மட்டும் பொத்தான்கள் இல்லை.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். போன வாரம் யார்டில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு பேருந்து பின்பக்கமாக வந்தது. சாதாரணப் பேருந்து இல்லை, மலை மாதிரி, இரண்டு மாடி. சரி, ஒரு மாடிதான். ஹெல்பர் "மேஸ்திரி, தள்ளுங்க! தள்ளுங்க!" என்று கத்தினான். எனக்குக் கேட்டது. அதுதான் விஷயம், நன்றாகவே கேட்டது! வலது பக்கமிருந்து கேட்டது. வண்டி வலது பக்கம் வருகிறது என்று இடது பக்கம் இரண்டு எட்டு வைத்தேன். வண்டி இடது பக்கம்தான் வந்தது. சத்தத்தை விட்டு விலகுவதாக நினைத்து அதன் வாய்க்குள்ளேயே போய்விட்டேன். வெல்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். பொத்தானெல்லாம் யார்டு முழுக்கச் சிதறியது. பேருந்தின் பின்பம்பர் என் மூக்குக்கு முன்னால் நின்றது. நான் அதை முறைத்தேன், அது பயந்துபோய் நின்றுவிட்டது என்று ஒல்லியிடம் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நானும் கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் அத்தை எதிரில் வந்து நின்று, "பட்டனெல்லாம் எங்க?" என்றாள். கேட்டுவிட்டு இடது பக்கமாக நகர்ந்து சட்டையைப் பிடித்துப் பார்த்தாள். வாய் அசைந்துகொண்டே இருக்கிறது. ஒரு சத்தம் இல்லை. விரலால் வலது காதை அடைத்துக்கொண்டேன், நீ எழுதியது போலவே. உலகமே மூடிக்கொண்டது.

"நீ எப்போலேர்ந்து இப்படி மெதுவா பேசற?" என்று கேட்டேன்.

"மெதுவாவா! நான் பேசற சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னலைச் சாத்திக்கிறாங்க!" என்றாள்.

மறுநாள் காது ஆஸ்பத்திரி. அங்கே ஒரு குட்டி அறை, ஃபிரிட்ஜுக்குள் உட்கார்ந்த மாதிரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். காதில் பெரிய குமிழ் மாட்டி, "சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க சார்" என்றாள். எனக்குத் தேர்வு என்றாலே பயம், உனக்குத் தெரியாது. ஃபெயில் ஆனால் வேலை போச்சே. ஒரு வழி கண்டுபிடித்தேன். கண்ணாடி வழியாக அவள் முழங்கை தெரிந்தது. அது அசையும் போதெல்லாம் விரலைத் தூக்கினேன். தூக்கு, தூக்கு, தூக்கு. நூற்றுக்கு நூறு என்று நினைத்தேன். அவள் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"சார், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. டீ கலக்கிட்டு இருக்கேன்."

வெளியே அத்தை சிரித்த சிரிப்பு எனக்கு இரண்டு காதிலும் கேட்டது என்று எழுத ஆசைதான். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள் அந்தப் பெண். வலது காதுக்கு வரிசையாகத் தூக்கினேன், வாலிபன் காது என்றாள். சரி, 'வயசுக்கு நல்லா இருக்கு' என்றாள். பிறகு இடது காது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம். என் கை மடியிலேயே கிடந்தது. கை சும்மா கிடப்பது எனக்குப் பழக்கமில்லை, வாலு. ஒரு தடவையாவது தூக்கிவிடலாமா என்று இருந்தது. தூக்கவில்லை.

அழுக்கு இல்லையாம், நரம்பாம். டயர் நட்டு கழற்றும் காற்றுத் துப்பாக்கி என் இடது பக்கம்தான் வருஷக்கணக்காகக் கத்துகிறது. போனது வராது, இருக்கிற காதைக் காப்பாற்றுங்கள் என்றார் டாக்டர். எப்போதிருந்து என்று அவர் கேட்டதற்கு, நான் வாயைத் திறக்கும் முன் அத்தை முந்திக்கொண்டாள்.

"ரெண்டு வருஷம் இருக்கும் டாக்டர். என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசறதில்ல. சரி, மனுஷன் திருந்திட்டார்னு நானும் விட்டுட்டேன்."

நான் அவளைப் பழக்கிவிட்டதாக நினைத்தேன், அவள் நான் திருந்திவிட்டதாக நினைத்திருக்கிறாள். நல்ல குடும்பம்.

மானேஜரிடம் இன்னும் சொல்லவில்லை. வெல்டரை வாயை மூடிக்கொண்டிரு என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்கு நானே போய்ச் சொல்லலாம் என்று இருக்கிறேன். நாளைக்கு இல்லாவிட்டால் நாளை மறுநாள். சொன்னால் கேட்டுக்கு வெளியே அனுப்புவார்களோ என்னவோ. சொல்லாமல் இருந்தால் அடுத்த தடவை வெல்டர் பக்கத்தில் இருப்பானா?

வாடிக்கையாளர் என்று கையெழுத்துப் போட்டவன் யார் என்று எனக்குத் தெரியாது. கெட்ட பயல்.

மாமா


ஜூன் 19

என் மாமாவுக்கு,

படித்துக்கொண்டிருக்கும்போதே கடையில் அழுதுவிட்டேன், டீ வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சூப்பர்வைசர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், என்ன நினைத்தாரோ.

நாளை மறுநாள் வேண்டாம். நாளைக்கே சொல்லிவிடுங்கள். இந்தக் கடிதம் வருவதற்குள் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. அத்தையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், அவள் இரண்டு வருஷக் கதையையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள்.

பிளேயரை மறுபடி அனுப்புகிறேன். இந்தத் தடவை ஒரு மாற்றம். இதற்குள்ளேயே ஒரு வசதி இருக்கிறது, நானும் அதை இத்தனை நாள் தொட்டதில்லை. பட்டியலில் கீழே போய் 'ஒலி' என்று இருக்கும் இடத்தில் நடுப் பொத்தானை அமுக்குங்கள். அதில் 'இரு பக்கமும் ஒன்றே' என்று ஒரு வரி. அதற்கு எதிரே நான் குறி வைத்துவிட்டேன். சார்ஜ் தீர்ந்து அணைந்தாலும் போகாது. ஒருவேளை போய்விட்டால் நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். இது இருந்தால் அவர் பக்கம், அவள் பக்கம் என்று இல்லை. இரண்டு பக்கத்துச் சத்தமும் சேர்ந்து ஒவ்வொரு குமிழிலும் வரும். வலது குமிழ் மட்டும் போதும். வீட்டில் மட்டும் கேளுங்கள், பணிமனையில் வேண்டாம். அங்கே அந்தக் காதுக்கு வேறு வேலை இருக்கிறது. சத்தத்தைப் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள்.

விடுமுறை கேட்டிருக்கிறேன். ஜூலை நடுவில் கிடைத்துவிடும் போலிருக்கிறது.

வாலு


ஜூலை 2

அருமை மருமகளுக்கு,

மானேஜரிடம் சொன்னேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே. அவர் அறை வாசலில் போய் நின்றதும் கால் திரும்பி நடக்கப் பார்த்தது, வெல்டர் பின்னால் நின்று தள்ளிவிட்டான். சட்டைக்கு ஆபத்து வரும் முன் உள்ளே போய்விட்டேன். பெரிய சொற்பொழிவு ஆற்றினேன் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில், "சார், இடது காது போச்சு" என்றேன், அவ்வளவுதான் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார். இனி யார்டில் கால் வைக்கக் கூடாது என்றார். வாசல் பக்கம் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகுதான், எஞ்சின் இறக்கி வைக்கும் உள்ளறையில் உட்கார்ந்து வேலை பாருங்கள், அங்கே வண்டி வராது என்றார். காற்றுத் துப்பாக்கி சத்தத்துக்குக் காதை மூடும் கவசமும் கொடுத்தார்கள். ஆக, எனக்குத் தனி அறை. மானேஜருக்கு அடுத்தபடி தனி அறை எனக்குத்தான். தலைமை மெக்கானிக் பதவிக்கு ஏற்ற மாதிரிதான் தனி அறை ஒதுக்கிவிட்டார்கள் என்று பணிமனையில் பேச்சு. பேச்சைக் கிளப்பியது யார் என்று கேட்காதே.

இடது காதுக்கு ஒரு மெஷின் மாட்டிப் பார்க்கச் சொன்னார் டாக்டர். மாட்டினால் சத்தம் வருகிறது, ஆனால் தகர டப்பாவுக்குள் யாரோ சண்டை போடுகிற மாதிரி. பழகிவிடுமாம். நானும் பழகிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், யார் முதலில் பழகுகிறோம் பார்ப்போம்.

பாட்டுப்பெட்டி வந்தது. சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து வலது குமிழை மட்டும் வைத்தேன். அவர் பாடினார். அடுத்த வரி, அவள். அதே காதில்! இரண்டு பேரும் ஒரே அறையில் குடித்தனம் நடத்துகிறார்கள். அவர் ஒரு இடத்தில் மூச்சு வாங்குகிறாரே, அதற்குள் அவள் ஒரு சின்னச் சிரிப்பு சிரிக்கிறாள், எவ்வளவு வருஷமாக அதைக் கேட்கவில்லையோ. அத்தை வலது பக்கம் வந்து உட்கார்ந்து, "என்ன, தனியா சிரிக்கற?" என்றாள். கேட்டது. இப்போதெல்லாம் அவள் சொல்வதெல்லாம் கேட்கிறது. முன்பு இருந்த நிம்மதி போய்விட்டது, என்ன செய்வது?

ஒன்று மட்டும் உனக்கு எழுத வேண்டும், இதை அம்மாவிடம் சொல்லாதே. முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே, சத்தம் இந்த நட்டிலிருந்து வருகிறது என்று விரலை நீட்டுவேன். இப்போது சத்தம் தெரிகிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை. எல்லாம் வலது பக்கமிருந்தே வருகிற மாதிரி இருக்கிறது. அதனால் கையை வைத்துத் தொட்டுத் தொட்டுத் தேடுகிறேன். நேரம் ஆகிறது. கிடைத்துவிடுகிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் நேரம் ஆகிறது.

பதினைந்தாம் தேதி ரயிலில் வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாமே. ஸ்டேஷனுக்கு நான்தான் வருவேன், அத்தை வரட்டும் என்று எழுதிவிடாதே. ஒரே ஒரு நிபந்தனை. இறங்கியதும் எப்போதும் போல "மாமா" என்று தூரத்திலிருந்து கூப்பிடாதே. நீ எந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாலும் நான் வலது பக்கம்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன், அதைப் பார்க்க உனக்கு ஒரு மாதிரி இருக்கும். பேசாமல் நடந்து வந்து என் முன்னால் நில். பிளாட்பாரத்தில் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஒரு ஆள் நிற்பான். கூட்டம் என்னைப் போலீஸ் என்று நினைத்து வழிவிடும். அந்த வழியாக வந்துவிடு.

உன் மாமா